தூயநெஞ்சுச் செடி

கைஃபெங்
11 மார்ச் 1984

தோழர் கெங் பாவ்தியன் அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்கு நினைவிருக்காது. விளக்குத் திருநாளுக்கு முந்தின நாள், எங்கள் ஊர்ப் பூச்சந்தையில் நீங்கள் பாயைச் சுருட்டி வண்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது, கடைசியாக ஓடிவந்து செடி கேட்டவள் நான். நீலக் கோட்டு போட்டிருந்தேன். ஆலை கேன்டீனில் மாவு பிசைகிற வேலை என்பதால் கையெல்லாம் மாவு. "தூயநெஞ்சு மெழுகுப்பூ இருக்கா?" என்று நான்கு தடவை கேட்டு உங்களைத் தொந்தரவு செய்தேன். நீங்கள் பொறுமையாக நான்கு தடவையும் "இருக்கு" என்றீர்கள்.

கிளம்பும்போது நீங்களாகவே சிகரெட் அட்டையைக் கிழித்து விலாசம் எழுதிக் கொடுத்தீர்கள். "சந்தேகம்னா எழுதுங்க. யான்லிங்ல கெங் பாவ்தியன்னு கேட்டா நாய்கூட வழி காட்டும்" என்றீர்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

செடி எனக்காக அல்ல. எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த யான் டீச்சர் வீட்டு முற்றத்தில் நட்டிருக்கிறேன். அவருக்கு அறுபது தாண்டிவிட்டது, தனியாக இருக்கிறார். அங்கே முன்பு ஒரு தூயநெஞ்சு இருந்தது. இதழ் உள்ளும் புறமும் ஒரே மஞ்சள், ஒரு பொட்டுச் சிவப்புக்கூட இருக்காது. தெருமுனையிலேயே வாசனை வரும். இப்போது அது இல்லை.

எங்கள் ஊர் மண் உப்பு. சுவரடியில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அதே முற்றத்தில் எதிரே குடியிருக்கும் ஹாவ் அம்மா துணி அலசின தண்ணீரை முற்றத்திலேயே கொட்டுகிறார். செடிக்கு எவ்வளவு தண்ணீர் விட வேண்டும்? எப்போது பூக்கும்? இன்னும் ஒரு மொட்டுக்கூட அசையவில்லை. நான் ஏதாவது தப்பாக நட்டுவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

வணக்கத்துடன்,
நிங் சியூலியன்

*

யான்லிங்
29 மார்ச் 1984

தோழர் நிங் சியூலியன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. என் பெயருக்கு வருடத்தில் இரண்டு தபால் வரும், இரண்டும் உரக் கூட்டுறவிலிருந்து. தபால்காரர் உங்கள் உறையை வயல்வரை கொண்டுவந்து கொடுத்து, நான் பிரித்துப் படிக்கும்வரை நகராமல் நின்றார்.

விலாசம் கொடுத்தால் யாரும் எழுதுவதில்லை. நீங்கள் எழுதிவிட்டீர்கள்.

தண்ணீர் விடாதீர்கள். மெழுகுப்பூ தாகத்தைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது. வேர் நனைந்தே இருந்தால் அழுகிவிடும். செடியைச் சுற்றி ஒரு முழம் உயரத்துக்கு மண்ணைக் கூட்டி மேடாக்குங்கள். உங்கள் ஊர் மண்ணை அல்ல, ஊருக்கு வெளியே ஆற்று மணலும் மக்கின இலையும் கலந்து போடுங்கள். ஹாவ் அம்மாவின் தண்ணீர் மேட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மொட்டு அசையாததற்குக் கவலை வேண்டாம், ஏப்ரலில் இலை வரும். பூவை மட்டும் மூன்று வருடத்துக்கு எதிர்பார்க்காதீர்கள்.

இன்னொன்று. நீங்கள் எடுத்துப்போன செடி கொஞ்சம் நோஞ்சான். வருகிற குளிர்காலம் சந்தைக்கு வரும்போது வேறு நல்ல செடி கொண்டுவருகிறேன், சும்மாவே தருகிறேன். இதைப் பிடுங்கிப் போட்டுவிடலாம். யோசித்துச் சொல்லுங்கள்.

கெங் பாவ்தியன்

*

கைஃபெங்
2 ஜூன் 1985

மதிப்பிற்குரிய கெங் அண்ணனுக்கு,

அண்ணன் என்று எழுதலாம் அல்லவா? ஒரு வருடமாக உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் ஒவ்வொன்றும் செய்கிறேன். மேடு கட்டினோம். மணல் கொண்டுவர டீச்சரும் என்னோடு சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து ஆற்றுக் கரை வரை வந்தார். அவர் அப்படி வெளியே வந்து பல வருடம் ஆகிறதாம்.

உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. ஆனால் மாற்ற வேண்டாம். டீச்சர் காலையில் எழுந்ததும் செடியைத்தான் முதலில் போய்ப் பார்க்கிறார். வருகிறவர்களிடம் எல்லாம் "தூயநெஞ்சு. யான்லிங்லேருந்து வந்தது" என்று சொல்கிறார். நோஞ்சானும் இல்லை, இப்போது என் இடுப்புக்கு வந்துவிட்டது.

குளிர்காலச் சந்தையில் உங்களைத் தேடினேன். உங்கள் மனைவிதான் கடையில் இருந்தார். உங்களுக்கு இடுப்பு வலி என்றார். இப்போது எப்படி இருக்கிறது? சூடான கோதுமைத் தவிட்டைத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுங்கள்.

கேள்வி இதுதான். அடியிலிருந்து நிறையக் கிளை வருகிறது. டீச்சர், "நீதான வாங்கின, நீயே வெட்டிவிடு" என்று கத்தரியை நீட்டினார். என்னால் முடியவில்லை. அந்த முற்றத்தில் என் கையில் வெட்டுகிற சாமான் இருப்பதை என்னால் பார்க்க முடியாது. ஏன் என்று கேட்காதீர்கள். வெட்டாமலே வளர்க்க வழி உண்டா?

சியூலியன்

*

யான்லிங்
20 ஜூன் 1985

தங்கை சியூலியனுக்கு,

இடுப்பு பரவாயில்லை.

வெட்டாவிட்டால் புதராகிவிடும். பழைய கிளையில் பூ வராது, இந்த வருடம் ஓடின கிளையில்தான் அடுத்த குளிரில் பூக்கும். அதனால் பூத்து முடிந்ததும் வெட்டுவதுதான் முறை. இலை உதிர்ந்த பிறகு வெட்டினால் மொட்டெல்லாம் போய்விடும். இப்போதைக்குக் கத்தரி வேண்டாம், நுனியை நகத்தால் கிள்ளினால் போதும். நான்கு ஜோடி இலை வந்ததும் கிள்ளுங்கள், பக்கக் கிளை வரும். ஆகஸ்டுக்குப் பிறகு கிள்ள வேண்டாம்.

செடியைப் பற்றி டீச்சர் ஊரெல்லாம் சொல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள். பூ வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

புத்தாண்டுக்கு உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். மூன்று பக்கம். அதை அடுப்பில் போட்டுவிட்டேன். ஒன்றுமில்லை, கையெழுத்து நன்றாக இல்லை.

பாவ்தியன்

*

கைஃபெங்
19 ஜனவரி 1987

கெங் பாவ்தியன்,

உங்களை இனி எப்படி அழைப்பது என்று தெரியவில்லை. அதனால் பெயர் மட்டும் எழுதுகிறேன்.

செடி பூத்துவிட்டது. பதினோரு பூ.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து போனேன். டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தார். மூன்று வருடத்தில் முதல் தடவையாக என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். "காலையிலயே விரிஞ்சிடுச்சு. நீ வர்ற வரைக்கும் நான் மோந்து பாக்கல" என்றார். குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்து, "எனக்குச் சளி பிடிச்சிருக்குபோல. நீ பாரு" என்றார்.

நான் பார்த்தேன். என் சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பூ. இதழ் ஒல்லியாக, கூராக. உள்ளே ரத்தம் கட்டினதுபோலக் கருஞ்சிவப்பு. வாசனை என்று ஒன்றுமே இல்லை.

ஹாவ் அம்மா எட்டிப் பார்த்தார். "அய்யய்யோ டீச்சர், இது நாய்ஈப் பூவாச்சே! எங்க ஊர்ல இத வேலி ஓரத்துல நடுவாங்க. எவன் உங்க தலையில கட்டினான்?" என்று சிரித்தார்.

டீச்சர் சிரிக்கவில்லை. "இந்த முற்றத்துக்கு இதுதான் வாய்க்கும்போல" என்றார். என்னைப் பார்க்காமல் உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

நீங்கள் யாருக்கு இதைச் செய்தீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

1966 ஆகஸ்டு, கலாச்சாரப் புரட்சி தொடங்கின சமயம். எனக்குப் பதினான்கு வயது. பூ வளர்ப்பது பணக்காரப் புத்தி என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். கையில் சிவப்புப் பட்டை கட்டிக்கொண்டு எங்கள் வகுப்பிலிருந்து பன்னிரண்டு பேர் டீச்சர் வீட்டுக்குப் போனோம். அவரை உள்ளே தள்ளிக் கதவைப் பூட்டினோம். அவர் அப்பா நட்ட மெழுகுப்பூவை வெட்டினோம். வெட்டினது பன்னிரண்டு பேர், அந்தப் பழியைப் பன்னிரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் மற்றவர்கள் போன பிறகு நான் மட்டும் திரும்பி வந்தேன். மெழுகுப்பூவை எத்தனை தடவை வெட்டினாலும் வேரிலிருந்து துளிர்க்கும் என்று டீச்சர் ஒருநாள் வகுப்பில் சொல்லியிருந்தார். அவர் சொன்ன எதையும் நான் மறந்ததில்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொண்டுவந்து வேரில் ஊற்றினேன். அது துளிர்க்கவில்லை.

அவருக்கு அது நான்தான் என்று தெரியாது. சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் ஒரு செடியாவது கொண்டுபோய் வைக்கலாம் என்று, வேலைக்கு நடுவே ஓடிவந்து, உங்களிடம் நான்கு தடவை கேட்டேன்.

நீங்கள் நான்கு தடவை "இருக்கு" என்றீர்கள்.

நிங் சியூலியன்

*

யான்லிங்
3 பிப்ரவரி 1987

தங்கை சியூலியனுக்கு,

அப்படி அழைக்க எனக்கு உரிமை இல்லை. வேறு எப்படி எழுதுவது என்றும் தெரியவில்லை.

செடி மாறிப்போய்விட்டது, கவனிக்கவில்லை என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். எழுதியும் விட்டேன். அது பொய். நடந்ததைச் சொல்கிறேன்.

அன்றைக்கு நாற்பது ஒட்டுச் செடி கொண்டுவந்தேன். மத்தியானத்துக்குள் எல்லாம் போய்விட்டது. எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. வண்டியடியில் விதையிலிருந்து வளர்த்த நாய்ஈச் செடிகள் கிடந்தன. ஒட்டுக் கட்ட அடிச்செடியாகத்தான் அவை உதவும். வேறொரு பண்ணைக்காரன் கேட்டிருந்தான், அவன் வரவில்லை. அப்போது நீங்கள் வந்தீர்கள். "இல்லம்மா, தீந்துபோச்சு" என்று சொல்லியிருக்கலாம். பக்கத்துக் கடை லியாங் கேட்டுக்கொண்டிருந்தான். "கெங்கிட்ட இல்லாததா?" என்று சிரித்தான். ஒட்டுச் செடிக்குக் கட்டுகிற சிவப்பு நூலை எடுத்து அந்த நாய்ஈச் செடியில் கட்டி உங்களிடம் நீட்டினேன்.

அன்றைக்கு எனக்குப் பசி இல்லை. வீட்டில் யாருக்கும் நோய் இல்லை. சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது இருந்தால் நன்றாக இருந்திருக்கும். எத்தனை யோசித்தும் ஒன்றும் கிடைக்கவில்லை.

நான் சந்தைக்கு வராமல் இருந்ததும் உங்கள் முகத்துக்குப் பயந்துதான். உங்கள் கடிதத்தை என் மனைவி சாய்யுன் படித்தாள். "அந்தப் பொண்ணு அண்ணன்னு எழுதி, தவிட்டு ஒத்தடம் கொடுங்கன்னு சொல்லுது. நீ என்னடான்னா இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்க. வலிக்கறது இடுப்புதானா?" என்றாள். அன்றிலிருந்து எனக்கு அவள் தட்டை வைக்கிற சத்தமே வேறாக இருக்கிறது.

இப்போது கேளுங்கள். செடியைப் பிடுங்க வேண்டாம். மூன்று வருடத்தில் வேர் நன்றாக ஓடியிருக்கும். நாய்ஈச் செடி எதற்கும் உதவாது என்று ஹாவ் அம்மா சொன்னது தப்பு, அதன் வேர் மாதிரி உறுதியான வேர் தூயநெஞ்சுக்குக் கிடையாது. மார்ச் கடைசியில் மொட்டு கோதுமை மணி அளவுக்கு வீங்கும். அந்த ஒரு வாரம்தான். அதற்குள் செடியைத் தரையிலிருந்து நான்கு விரல் விட்டு வெட்டி, அடிக்கட்டையைப் பிளந்து தூயநெஞ்சுக் குச்சியைச் செருகிக் கட்டிவிட்டால், மேலே வருவதெல்லாம் தூயநெஞ்சுதான். மூன்றாம் வருடம் பூக்கும். நானே வந்து செய்கிறேன்.

ஆனால் செடியை முழுக்க வெட்டியாக வேண்டும். டீச்சர் சம்மதிக்க வேண்டும். என்னைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

கெங் பாவ்தியன்

*

கைஃபெங்
12 பிப்ரவரி 1987

கெங் பாவ்தியன்,

உங்களுக்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது. கத்தியை எடுத்துக்கொண்டு வருவீர்கள், வெட்டுவீர்கள், ஒட்டுவீர்கள், மனசு லேசாகிப் பஸ் ஏறுவீர்கள்.

அந்த முற்றத்தில், அதே இடத்தில், நான் கூட்டிவந்த ஆள் செடியைத் தரையோடு வெட்டுவதை அவர் ஜன்னலிலிருந்து பார்க்க வேண்டுமா? "இது எதற்கு?" என்று கேட்டால் என்ன சொல்வேன்? செடிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று உங்கள் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் நல்லவளாக நிற்கலாம். நேற்று அப்படித்தான் செய்யப் போனேன். "டீச்சர், அந்த ஆள் நம்பள ஏமாத்திட்டான்" என்று தொடங்கினேன். "எல்லாரும் ஏமாத்தறவங்கதான். நீ ஒருத்திதான் விடாம வர்ற" என்றார்.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் இதை எழுதுகிறேன். வர வேண்டாம்.

சியூலியன்

*

யான்லிங்
24 பிப்ரவரி 1987

தங்கை சியூலியனுக்கு,

நீங்கள் எழுதினது சரி. பஸ் ஏறும்போது மனசு லேசாகும் என்ற எண்ணம் எனக்கு இருந்தது.

குச்சிக்காகத் தாய்ச்செடியில் நான்கு கிளையின் நுனியைக் கிள்ளி வைத்துவிட்டேன். ஒரு மாதம் முன்னால் கிள்ளினால்தான் மொட்டில் தெம்பு ஏறும். நீங்கள் வேண்டாம் என்றால் அது சும்மா இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 27 வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் கைஃபெங் வருவேன். பஸ் நிலையத்தில் தேநீர்க் கடையோரம் மாலை வரை இருப்பேன். நீங்கள் வரவில்லை என்றால் திரும்பிவிடுவேன், வீட்டைத் தேடி வர மாட்டேன்.

பாவ்தியன்

*

கைஃபெங்
16 மார்ச் 1987

கெங் அண்ணனுக்கு,

சொல்லிவிட்டேன்.

நேற்று மத்தியானம் டீச்சர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கட்டை எடுத்துக்கொண்டேன். கையில் வேலை இருந்ததால் வாய் வந்தது.

"டீச்சர், அறுபத்தாறுல செடி வேர்ல சுடுதண்ணி ஊத்தினது நான்தான்."

அவர் கீரையைக் கீழே வைக்கவில்லை. கேள்விதான் கேட்டார், வகுப்பில் கேட்பதுபோல.

"எத்தனை கெட்டில்?"

"மூணு."

"எங்க காய்ச்சின?"

"உங்க அடுப்புலதான்."

"என் கரியில."

"ஆமா டீச்சர்."

"ஜன்னல் காகிதத்துல ஓட்டை போட்டுப் பாத்தேன். முதுகுதான் தெரிஞ்சுது. ரெட்டை ஜடை. யூஃபென்னு நினைச்சேன்" என்றார்.

அண்ணா, ஜனவரியில் உங்களுக்குக் கோபமாக எழுதினேனே, அதில் பாதியைத்தான் எழுதினேன். மீதியை எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. யூஃபென் என் வகுப்புத் தோழி. பத்து வருடம் மூடிக்கிடந்த கல்லூரி நுழைவுத் தேர்வு மறுபடி வந்தபோது, 78இல், அவள் டீச்சரிடம் கணக்குச் சொல்லித்தரக் கேட்டுப் போனாள். டீச்சர் அவள் முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டார். கரி வாங்குகிற வரிசையில் நின்று யூஃபென் என்னிடம் அழுதாள். ஏன் சாத்தினார் என்று எனக்கு அந்த நிமிடமே புரிந்தது. எங்கள் இருவருக்கும் ஒரே உயரம், ஒரே ஜடை. நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். வாய் திறக்கவில்லை.

இதையும் டீச்சரிடம் சொன்னேன். அவர் அப்போதுதான் நிமிர்ந்தார்.

"தண்ணி ஊத்தினப்ப உனக்குப் பதினாலு வயசு. யூஃபென் வந்தப்ப?"

"இருபத்தாறு."

"ம்" என்றார். அவ்வளவுதான். மிச்சக் கீரையையும் ஆய்ந்து, கழுவி, வடியவைத்தார். நான் எழுந்து போவதா, உட்கார்வதா என்று தெரியாமல் அங்கேயே இருந்தேன். இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், "அந்தப் பொண்ணு வாசல்ல ரொம்ப நேரம் நின்னுச்சு. எனக்குத் தெரியும், நிழல் தெரிஞ்சுது. நான் திறக்கல" என்று தனக்குத்தானே சொன்னார். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டார்.

உங்களைப் பற்றியும் சொன்னேன். "வரச் சொல்லு. வெட்டட்டும்" என்றார்.

27ஆம் தேதி பஸ் நிலையத்துக்கு வருகிறேன்.

சியூலியன்

*

யான்லிங்
5 ஏப்ரல் 1987

தங்கை சியூலியனுக்கு,

நல்லபடியாக ஊர் சேர்ந்தேன்.

ஒட்டின்மேல் நான் மூடிவிட்டு வந்த மண் குவியலைப் பிரித்துப் பார்க்காதீர்கள். உள்ளே என்ன ஆயிற்று என்று கை துறுதுறுக்கும், வேண்டாம். மே மாதத்தில் தளிர் தானே மண்ணை முட்டிக்கொண்டு வரும். மூன்று குச்சி செருகியிருக்கிறேன், ஒன்று பிழைத்தாலும் போதும். மழை வந்தால் மேலே ஓலைப்பாய் போடுங்கள். ஒட்டில் சுற்றின சணலை ஜூன் வரை அவிழ்க்க வேண்டாம். அடியிலிருந்து வருகிற தளிரை எல்லாம் கிள்ளி எறியுங்கள், அது நாய்ஈ. இந்த வருடம் மட்டுமல்ல, செடி இருக்கும்வரை வரும், வரும்போதெல்லாம் கிள்ள வேண்டும்.

நீங்கள் தண்ணீர் எடுக்கப் போயிருந்தபோது டீச்சர் என்னிடம் பேசினதை நீங்கள் கேட்கவில்லை. நான் அடிக்கட்டையைப் பிளந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

"எத்தனாவது வரைக்கும் படிச்சீங்க?"

"ஏழாவது, டீச்சர்."

"ஏழாவது படிச்சவருக்கு 'இல்லை'ங்கற வார்த்தை தெரியாதா?"

கத்தி வழுக்கிக் கட்டைவிரலில் கொஞ்சம் பட்டுவிட்டது. அதைத்தான் நீங்கள் வந்து பார்த்து, செடி முள் குத்திவிட்டதா என்று கேட்டீர்கள். மெழுகுப்பூவுக்கு முள் கிடையாது.

பிறகு அவரே ஆட்டுக்கறி நூடுல்ஸ் ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார். வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. "சாப்பிடுங்க, இது நிஜக் கறிதான்" என்றார். ஹாவ் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். நான் முழுதும் சாப்பிட்டேன்.

பாவ்தியன்

*

கைஃபெங்
20 செப்டம்பர் 1987

கெங் அண்ணனுக்கு,

இரண்டு குச்சி பிழைத்துவிட்டது. ஒன்று முழங்கால் உயரம், இன்னொன்று அதற்குக் கொஞ்சம் கீழே.

டீச்சர் யூஃபெனுக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுதி முடிக்க நான்கு மாதம் ஆயிற்று. தபாலில் போடட்டுமா என்று கேட்டேன். "நீ கொண்டுபோ" என்றார்.

யூஃபென் லான்காவ் ஊரில் கரிக் கிடங்கில் எடை போடுகிறாள். தலையில் துண்டு, முகமெல்லாம் கரி. என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள், அண்ணா. "சியூலியன்! எவ்வளவு குண்டாயிட்ட! கேன்டீன்ல பாதிய நீயே தின்னுடறியா?" என்று கட்டிப் பிடிக்க வந்து, தன் கையைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவளிடம் நான் கடிதத்தை நீட்ட வேண்டியிருந்தது.

நின்றுகொண்டே படித்தாள். இரண்டு தடவை படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப நீதானா?"

"ஆமா."

"நான் மக்குன்னுதான் டீச்சர் கதவச் சாத்தினாங்கன்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தேன். நீயெல்லாம் எதுக்குக் கல்லூரிக்குன்னு அவங்க முடிவு பண்ணிட்டாங்க, அவங்களுக்குத் தெரியாததான்னு… நான் பரீட்சை எழுதவே போகலடி."

நான் ஏதோ சொல்ல வந்தேன். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். "நகரு, வண்டி வருது" என்றாள். கடிதத்தை மடித்து உள்சட்டையில் வைத்துக்கொண்டு எடைமேடைக்குப் போனாள். மூன்று லாரி எடை போட்டு முடிக்கும்வரை நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பஸ்ஸில் நினைத்தேன். அப்புறம் அப்படி நினைத்ததற்கும் வெட்கமாக இருந்தது. அவள் அடித்து என் கணக்கை முடித்துவிட வேண்டும், அதையும் அவளே செய்ய வேண்டும்!

சியூலியன்

*

கைஃபெங்
21 ஜனவரி 1990

கெங் அண்ணனுக்கு,

வாசனை வியாழக்கிழமை வந்தது.

நான் சந்துமுனையில் சைக்கிளை விட்டு இறங்கும்போதே வந்துவிட்டது. அங்கேயே நின்றுவிட்டேன். ஹாவ் அம்மாதான் வந்து, "டீச்சர் மூணு தடவ கேட்டுட்டாங்க, ஏன் இங்க நிக்கற?" என்று கூட்டிப்போனார்.

ஏழு பூ விரிந்திருந்தது, மொட்டு எண்ண முடியாத அளவுக்கு. உள்ளே மஞ்சள், வெளியே மஞ்சள். டீச்சர் ஒரு பூவைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். நான் மறுபடி மன்னிப்புக் கேட்டேன். "இன்னொரு தடவ அதக் கேக்காத" என்றார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

யூஃபென் இரண்டு வருடமாகச் சனிக்கிழமை தோறும் தன் மகளை டீச்சரிடம் கணக்குக்குக் கூட்டிவருகிறாள். சனி அவளுடையது, வியாழன் என்னுடையது. ஒருமுறை வாசலில் எதிர்ப்பட்டோம். தலையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். அதற்கு மேல் எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை. அந்தப் பெண் கணக்கில் ரொம்பக் கெட்டி என்று டீச்சர் சொல்கிறார்.

நீங்கள் ஒருநாள் வந்து பூவைப் பாருங்கள் அண்ணா. டீச்சரும் கேட்டார். உங்கள் கை போட்ட ஒட்டு பிடித்தது, இனி உங்களுக்கும் மனசு ஆறட்டும்.

சியூலியன்

*

யான்லிங்
8 பிப்ரவரி 1990

தங்கை சியூலியனுக்கு,

கடிதத்தை சாய்யுனிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஏழு பூ என்ற இடத்தில் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

மனசு ஆறட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது வந்ததும்தான் இதையும் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. உங்களிடமிருந்து மறைத்துவைத்துக்கொண்டு டீச்சர் வீட்டில் வந்து பூப் பார்க்க என்னால் முடியாது.

அன்றைக்கு வண்டியடியில் கிடந்தவற்றில் நான் விற்றது ஒன்றல்ல, மூன்று. நீங்கள் கடைசி. உங்களுக்கு முன்னால் இரண்டு பேருக்கு அதே சிவப்பு நூலைக் கட்டிக் கொடுத்தேன். அவர்களுக்கு நான் விலாசம் கொடுக்கவில்லை. அவர்கள் விலாசமும் என்னிடம் இல்லை.

நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் நான் ஒருநாளும் இதை நினைத்திருக்க மாட்டேன். டீச்சர் முற்றத்தில் ஒட்டுப் போட்ட வருடத்துக் குளிர்காலத்திலிருந்து, கைஃபெங் சந்தையில் கடைக்கு முன்னால் ஒரு பலகை வைக்கிறேன். '1984 விளக்குத் திருநாளுக்கு முந்தின நாள் மத்தியானத்துக்குமேல் இந்தக் கடையில் மெழுகுப்பூ வாங்கியவர்கள் வரவும். கொடுத்தது தூயநெஞ்சு அல்ல. வீட்டுக்கே வந்து ஒட்டுப் போட்டுத் தரப்படும். கெங் பாவ்தியன்.' நீங்கள் வியாழனும் ஞாயிறும் தவிர சந்தைப் பக்கம் வருவதில்லை, நான் இப்போதெல்லாம் திங்களில் வருகிறவன், அதனால் உங்கள் கண்ணில் படவில்லை. லியாங்குக்கு ஒரே கொண்டாட்டம். "எங்க அப்பா காலத்துல வாங்கினதுக்கும் உண்டா?" என்று கேட்கிறான். பலகையைப் பார்த்துவிட்டு என்னிடம் செடி வாங்காமல் போகிறவர்களும் நிறைய. சரியாகத்தான் செய்கிறார்கள்.

இந்த வருடம் ஒரு ஆள் வந்தார். பஸ் டிரைவர். பலகையை இரண்டு தடவை படித்துவிட்டு, "அந்தச் செடியா? என் சம்சாரம் அது மேலதான் துணி காயப்போடறா. அது பூக்க வேற பூக்குமா என்ன?" என்றார். ஒட்டுப் போட வருகிறேன் என்று கெஞ்சினேன். "வெட்டிட்டா துணிய எங்க போடறது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். விலாசம் கேட்டேன், சொல்லவில்லை.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அவரும் மண்ணைக் கூட்டி மேடு கட்டி, யாருக்காவது அதை நட்டிருக்கலாம். பூத்த அன்றைக்கு யாராவது குனிந்து பார்த்துவிட்டுச் சளி பிடித்திருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். படுத்தால் அந்த முகத்தைக் கொண்டுவரப் பார்க்கிறேன். உங்கள் நீலக் கோட்டு தெரிகிறது, கையில் மாவு தெரிகிறது, டிரைவரின் தொப்பிகூடத் தெரிகிறது. அந்த ஒருவர் ஆணா பெண்ணா என்பதுகூட எனக்கு நினைவில்லை.

கெங் பாவ்தியன்